அவர் கேட்டது ‘ஏன்’ என்றுதான்

அந்த அறைக்கு யன்னல் இல்லை. நீள மேசை, ஆறு கதிரைகள், ஒரு கண்ணாடிக் குடத்தில் தண்ணீர், கண் துடைக்கும் கடதாசிப் பெட்டி ஒன்று. மேசையின் நடுவில் ஒலிப்பதிவுக் கருவி. அதில் சிவப்பு விளக்கு எரிந்தால் பேசலாம். ஒலிநாடா முடியும்போது ‘டொக்’ என்று ஒரு சத்தம் வரும். உடனே எல்லோரும் பாதிச் சொல்லில் நிற்பார்கள். நாடாவை மாற்றியபின் விட்ட இடத்திலிருந்து தொடங்குவார்கள். அழுகிறவர்கள்கூட அப்படித்தான். நிறுத்திவிட்டு, பிறகு தொடங்குவார்கள்.

சென்ற வாரம், ரொறன்ரோவின் சென் ஜேம்ஸ் ரவுணில் ஒரு வீட்டில் ஆறு பெண்கள் இருந்த கதையை எழுதினேன். படித்துவிட்டுப் பலர் தொலைபேசியில் சிரித்தார்கள். இந்த வாரம் எழுதப்போவதை இத்தனை காலமும் எழுதாமல் தள்ளிக்கொண்டே வந்தேன். தொடரில் என்னைப் பற்றி நல்லதாகவே எழுதிக்கொண்டு போகிறேன் என்று ஒரு நண்பி சொன்னாள். அதனால் எழுதுகிறேன்.

தொண்ணூறுகளின் தொடக்கம். அகதியாக ஏற்கும்படி கேட்பவர்களின் விசாரணைகளில் நான் மொழிபெயர்ப்பாளராக இருந்தேன். அன்று என் பக்கத்தில் இருந்தவர் தவமணி அக்கா. நாற்பதுக்குக் கிட்டிய வயது. யாழ்ப்பாணத்தில் தென்மராட்சிப் பக்கம். கணவரை இராணுவம் கொண்டுபோனது, அவர் திரும்பிவரவில்லை. ஏழு வயது மகள் சுகியோடு கனடா வந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. பன்னிரண்டு வயது மகன் கபிலன் கொழும்பில், அக்காவின் தமக்கையோடு.

கேள்வி கேட்ட அதிகாரி உயரமான மனிதர். தடிமன் பிடித்திருந்தது. வாயில் இருமல் இனிப்பைப் போட்டுக்கொண்டு பேசினார். மேசைக்கு இந்தப் பக்கம் வரை அதன் வாசனை வந்தது. கடுமையானவர் அல்ல. தவமணி அக்கா தண்ணீர் குடிக்கும்வரை காத்திருந்தார். கணவரைப் பற்றிய கேள்விகளை முடித்துவிட்டு, பேனையை மேசையில் வைத்துவிட்டு, பக்கத்து வீட்டுக்காரரிடம் விசாரிப்பதுபோல மெதுவாகக் கேட்டார்.

“ஹவ் கம் யு லெஃப்ட் யுவர் சன் பிஹைன்ட்?”

நான் அக்காவின் பக்கம் திரும்பினேன்.

“மகனை என்னெண்டு விட்டிட்டு வந்தனீங்கள்?”

யாழ்ப்பாணத்தார் அல்லாதவர்களுக்காகச் சொல்கிறேன். ‘என்னெண்டு’ என்றால் எங்களுக்கு ‘எப்படி’. எப்படி விட்டுவிட்டு வந்தீர்கள்? தமிழில் ஒரு தாயிடம் அப்படிக் கேட்டால் அவள் பதிலா சொல்வாள்?

தவமணி அக்கா கையிலிருந்த கடதாசியைச் சின்னச் சின்னச் சதுரமாக மடித்துக்கொண்டிருந்தார். மடிப்பதை நிறுத்தினார். சிவப்பு விளக்கைப் பார்த்தார். பிறகு சொன்னார்.

“மனதைக் கல்லாக்கிக்கொண்டு வந்தன்.”

நான் அதை அழகான ஆங்கிலத்தில் சொன்னேன். ஒரு சொல் தவறவில்லை. எனக்கே அது பிடித்திருந்தது. அதிகாரி என்னைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார்.

“அவ்வளவுதானா? வேறு ஏதாவது சொல்ல விரும்புகிறாரா?”

கேட்டேன். அக்கா தலையை ஆட்டி இல்லை என்றார். கண்ணீர் வடிந்துகொண்டிருந்தது. அதிகாரி பேனையை எடுத்து எழுதினார். மேசையின் தலைப்பக்கம் இருந்த, தீர்ப்புச் சொல்லும் உறுப்பினர்கள் இருவரும் எழுதினார்கள். அந்த அறையில் இரண்டு மொழியும் தெரிந்த ஒரே ஆள் நான்தான்.

கரும்பலகையில் இருந்த ஆங்கிலம்

எனக்கு ஆங்கிலம் தெரியும் என்பதில் அந்த நாட்களில் எனக்கு இருந்த தலைக்கனத்தை இங்கே சொல்லியாக வேண்டும்.

எங்கள் பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் கற்பித்த ரீச்சர் கேள்விச் சொற்களைக் கரும்பலகையில் ஒன்றின்கீழ் ஒன்றாக எழுதுவார். வொட், வென், வெயர், ஹூ, வை, ஹவ். ஒவ்வொன்றுக்கும் பதில் எப்படித் தொடங்க வேண்டும் என்று விதி இருந்தது. ‘வை’ என்று கேட்டால் பதில் ‘பிகோஸ்’ என்று தொடங்க வேண்டும். தொடங்காவிட்டால் புள்ளி குறையும். எனக்கு ஒருநாளும் குறைந்ததில்லை.

அந்தப் பட்டியலோடுதான் ரொறன்ரோ வந்தேன். மொழிபெயர்ப்பாளர் பரீட்சையில் சத்தியக் கடதாசிக்கு ஆங்கிலம் கேட்டார்கள், சித்திரவதைக்குக் கேட்டார்கள், நம்பகத்தன்மைக்குக் கேட்டார்கள். எல்லாம் சரியாக எழுதினேன். இந்த ஊரில் ஐந்து வயதுப் பிள்ளை நாளுக்கு இருபது தரம் கேட்கும் ‘ஹவ் கம்’ பற்றி ஒருவரும் என்னிடம் கேட்கவில்லை.

இதற்கு முன்பும் ஒரு எச்சரிக்கை கிடைத்தது. அப்போது சிரித்துவிட்டு விட்டுவிட்டேன். மருத்துவரிடம் போகும் ஒரு அங்கிளுக்குத் துணையாகப் போயிருந்தேன். தாதி வாசலில் நின்று அவர் பெயரைக் கூப்பிட்டாள். அங்கிள் ஊரில் கூப்பிட்டால் குரல் கொடுப்பதுபோல “ஏன்?” என்றார். எங்கள் ஆட்கள் அப்படித்தான். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் “ஏன்?” என்பார்கள். அதில் காரணம் கேட்கும் நோக்கமே இல்லை. ‘இங்கேதான் இருக்கிறேன்’ என்பதுதான் அதன் அர்த்தம். நானோ விறைப்பாக, “வை என்று கேட்கிறார்” என்று தாதிக்கு மொழிபெயர்த்தேன். அவள் முகம் மாறிவிட்டது. அங்கிள் அரை மணித்தியாலம் மேலதிகமாகக் காத்திருந்தார்.

சொல்லை மட்டும் பிடித்துக்கொண்டு ஆளை விட்டுவிடுகிறேன் என்று அன்றே விளங்கியிருக்க வேண்டும். விளங்கவில்லை. அந்தக் கதையை வீட்டில் சொல்லி எல்லோரையும் சிரிக்க வைத்தேன்.

விசாரணை அறையில் அதிகாரி ‘ஹவ் கம்’ என்றபோதும் எனக்குச் சந்தேகம் வரவில்லை. ‘எப்படி’ என்ற சொல் காதில் விழுந்தது, ‘வா’ என்ற சொல் விழுந்தது. இலக்கணம் ஒழுங்காக இல்லையே, படித்த மனிதன் இப்படியா பேசுவது என்று நினைத்தேன். உண்மையாகவே அப்படி நினைத்தேன். அவருடைய ஆங்கிலத்தை மனதுக்குள் திருத்தி, திருத்தியதைத்தான் மொழிபெயர்த்தேன்.

மிசிசாகாவில் ஒரு காலை

மொழிபெயர்ப்பு வேலை ஒவ்வொரு நாளும் வராது. மற்ற நாட்களில், ரொறன்ரோவுக்குப் பக்கத்தில் மிசிசாகாவில் ஒரு கந்தோரில் கொம்பியூட்டரில் விபரம் பதிவேன். அங்கே எனக்கு மேலதிகாரி மார்லின் என்ற யமெய்க்காப் பெண். பெரிய சிரிப்பு, பெரிய காதணி. யாரையும் ‘டார்லிங்’ என்றுதான் கூப்பிடுவார்.

அந்த விசாரணை முடிந்து ஒன்றரை மாதம் இருக்கும். வேறொரு விசாரணைக்காக ஒருநாள் விடுமுறை கேட்டிருந்தேன். அது தள்ளிப்போய்விட்டதால் வழக்கம்போல வேலைக்குப் போனேன். பனி கொட்டிய காலை. சப்பாத்துக்குள் ஈரம். மேலங்கியைக் கொளுவிக்கொண்டிருந்தபோது மார்லின் என்னைக் கண்டார்.

“ஹவ் கம் யு கேம் இன் டுடே, டார்லிங்?”

நான் மரியாதையாகப் பதில் சொன்னேன். “சுரங்க ரயிலில் வந்தேன். பிறகு இரண்டு பஸ்.”

எல்லா மேசைகளிலிருந்தும் சிரிப்பு வந்தது. மார்லினும் சிரித்தார். ஆனால் என் முகத்தைப் பார்த்ததும் எழுந்து வந்து தோளில் கை வைத்தார்.

“இல்லை டார்லிங். எப்படி வந்தாய் என்று கேட்கவில்லை. ஏன் வந்தாய் என்று கேட்டேன். உனக்கு இன்று விடுமுறை அல்லவா? ஹவ் கம் என்றால் வை. அவ்வளவுதான்.”

“எப்போதும் அப்படித்தானா?” என்று கேட்டேன்.

“எப்போதும்.”

நானும் சிரிக்க முயன்றேன். மேலங்கி கொளுவியிலிருந்து நழுவிக் கீழே விழுந்தது. குனிந்து அதை எடுக்கும்போதுதான் இருமல் இனிப்பின் வாசனை எனக்கு வந்தது. கந்தோரில் ஒருவரும் அதைச் சாப்பிடவில்லை.

கழிப்பறைக்குப் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டு நின்றேன். அதிகாரி கேட்டதை அவர் சொன்னபடியே வாய்க்குள் சொல்லிப் பார்த்தேன். மகனை ஏன் விட்டுவிட்டு வந்தீர்கள்? அவ்வளவுதான் அவர் கேட்டது. ஏதோ காரணம் இருக்கும், அதைச் சொல்லட்டும் என்று வழி விட்டுக் கேட்டிருக்கிறார். ‘ஏன்’ என்று நேரே கேட்டால் கடுமையாக இருக்கும் என்றுதான் அந்த மனிதர் ‘ஹவ் கம்’ என்றிருக்கிறார்.

ஒரே குடும்பம்

அந்தச் சனிக்கிழமை நூலகத்துக்குப் போய், இரண்டு கையாலும் தூக்க வேண்டிய அகராதியை எடுத்து மேசையில் வைத்தேன். எதற்கு என்று இப்போது யோசிக்கிறேன். தப்பிக்க ஒரு வழி அதற்குள் இருக்கும் என்று நினைத்திருப்பேன்.

‘ஹவ்’, ‘வை’ இரண்டும் ஒரே குடும்பம் என்று அதில் போட்டிருந்தது. பழைய ஆங்கிலத்தில் ‘வை’ தனிச் சொல்லே அல்ல. ‘வொட்’ என்ற சொல் வேற்றுமை ஏற்று நின்ற வடிவம். ‘எது’ என்பது ‘எதனால்’ ஆவதுபோல. ‘ஹவ்’ வந்ததும் அதே வேரிலிருந்துதான். எங்களுக்கு என்ன, ஏன், எப்படி, எங்கே எல்லாம் ஒரே எகரக் குடும்பம் என்பதுபோலத்தான் அவர்களுக்கும். ‘ஹவ் கம்’ என்பது ‘இது எப்படி வந்து நேர்ந்தது’ என்ற நீண்ட கேள்வி தேய்ந்து குறுகிய பேச்சு வழக்கு. அமெரிக்கப் பக்கத்தில் பிறந்தது.

வாசித்தபோது ஒரு சின்ன ஆறுதல் வந்ததை மறைக்கமாட்டேன். ஒரே வேர் என்றால் என் பிழையும் சின்னதுதானே என்று நினைத்தேன். அகராதியை மூடி அதன் இடத்தில் வைத்தபோது அந்த ஆறுதல் போய்விட்டது.

திங்கள் காலை தவமணி அக்காவின் வழக்கறிஞருக்குத் தொலைபேசி எடுத்தேன். முடிவு ஏற்கனவே வந்துவிட்டது என்றார் அவருடைய செயலாளர். நிராகரிப்பு.

மூன்று நாள்

வழக்கறிஞர் முடிவை எனக்கு வாசித்துக் காட்டினார். கணவர் விடயத்தை அவர்கள் அநேகமாக நம்பியிருந்தார்கள். கடைசிப் பக்கத்தில்தான் எல்லாம் கவிழ்ந்திருந்தது. பிள்ளைகளின் உயிருக்குப் பயந்து ஓடிவந்ததாகச் சொல்பவர், ஆண்பிள்ளையை ஏன் விட்டுவந்தார் என்று கேட்டபோது காரணம் எதுவும் சொல்லவில்லை; மனதைக் கல்லாக்கிக்கொண்டதாக மட்டும் சொன்னார்; விளக்கம் தரச் சந்தர்ப்பம் கொடுத்தும் மறுத்துவிட்டார். ஆகவே அவருடைய பயம் உண்மையானது என்று நம்ப முடியவில்லை.

என் அழகான ஆங்கில வசனம் அங்கே அப்படியே, மேற்கோள் குறிகளுக்குள் இருந்தது.

நடந்ததைச் சொன்னேன். வழக்கறிஞர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

“நீதிமன்றத்துக்குப் போக ஒரு வாரம்கூட மிச்சம் இல்லை. நீ பிழையாக மொழிபெயர்த்தாய் என்று சத்தியக் கடதாசி தந்தால் ஒரு வாய்ப்பு இருக்கிறது. பெரிய வாய்ப்பு இல்லை. ஆனால் தந்தால் அதற்குப் பிறகு உன்னை எந்த விசாரணைக்கும் கூப்பிட மாட்டார்கள். யோசித்துச் சொல்.”

யோசித்தேன். அதுதான் வெட்கம். மூன்று நாள் யோசித்தேன். வீட்டில் என்னோடு இருந்த பெண்களில் ஒருத்தி, “உமக்கேன் தேவையில்லாத வேலை? நீர் சொல்லாட்டி ஆருக்குத் தெரியும்?” என்று கேட்டாள். அவளை எதிர்த்து நான் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டாம் நாள் வழக்கறிஞர் தொலைபேசி எடுத்தபோது வீட்டில் இல்லை என்று சொல்லச் சொன்னேன்.

நான்காம் நாள் கையெழுத்து வைத்தேன். அதற்கு முன் தவமணி அக்காவிடம் போனேன்.

“கேட்டது நீர்தானே”

எங்கள் கட்டடத்திலிருந்து இரண்டு கட்டடம் தள்ளி, பதினான்காம் மாடி. சுகி தரையில் படுத்துக்கொண்டு தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்தாள். அக்கா அவளுடைய பள்ளிக்கூட உடுப்பை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். நான் நின்றபடியே சொன்னேன். இருந்து சொல்லத் துணிவு வரவில்லை.

முதலில் அவருக்கு விளங்கவில்லை. திரும்பவும் சொன்னேன். அந்தச் சொல்லுக்கு ‘ஏன்’ என்று அர்த்தம், நான் ‘என்னெண்டு’ என்று கேட்டுவிட்டேன், பிழை முழுதும் என்னுடையது.

அக்கா இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார்.

“அப்ப அந்த மனிசன் என்னைக் குறை சொல்லேல்லையோ?”

“இல்லை அக்கா. காரணத்தைத்தான் கேட்டவர்.”

“உண்மையாவோ?”

“ஓம்.”

அவர் சுகியை ஒருமுறை பார்த்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“இவ்வளவு நாளும் நான் அந்த மனிசனைத்தான் திட்டிக்கொண்டிருந்தன். பிள்ளை குட்டி இல்லாதவன் போலை, அதுதான் இப்பிடிக் கேக்கிறான் எண்டு. வெள்ளைக்காரன்தானே, அவனுக்கு எங்கடை கஷ்டம் என்ன தெரியும் எண்டு மனதைத் தேத்திக்கொண்டன்.” கொஞ்சம் நிறுத்தினார். “கேட்டது நீர்தானே.”

அக்கா இஸ்திரி போட்ட உடுப்பை இழுத்து நேராக்கினார்.

“ஒவ்வொரு நாளும் என்னை நானே அதைத்தான் கேக்கிறனான். என்னெண்டு விட்டிட்டு வந்தனி, என்னெண்டு விட்டிட்டு வந்தனி எண்டு. அதையே எங்கடை வாயால, அத்தினை பேருக்கு முன்னாலை கேட்டவுடனை எனக்கு வேறை ஒண்டும் வரேல்லை.”

தொலைக்காட்சியில் ஏதோ ஒரு கார்ட்டூன் மிருகம் மலையிலிருந்து விழுந்தது. சுகி சிரித்தாள்.

வழக்கறிஞருக்காக நான் ஒரு கேள்வி கேட்க வேண்டியிருந்தது. கேட்டேன்.

“அக்கா, கபிலனை ஏன் விட்டிட்டு வந்தனீங்கள்?”

அவர் யோசிக்கவே இல்லை.

“ஆக்களை அனுப்பிற ஏஜென்சிக்காரன் தந்த பாஸ்போட்டிலை ஒரு பொம்பிளைப் பிள்ளைக்குத்தான் இடம் இருந்தது. ஆரோ ஒரு மனிசியின்ரை பாஸ்போட். அவவுக்கு ஒரு மகள் மட்டும். பெடியனுக்கு வேறை புத்தகம் செய்யோணும், அடுத்த மாசம் ஆள் கூட்டிக்கொண்டு வரும் எண்டான். நான் இஞ்சை வந்து இறங்கினாப் பிறகு அவன்ரை ரெலிபோன் வேலை செய்யேல்லை. அவ்வளவுதான்.”

ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. சமையலறை மேசையில் வைத்து அதை ஆங்கிலத்தில் எழுதினேன். முழுவதும் ஆறு வரிதான்.

கதவு வரை அக்கா வரவில்லை. நான் சப்பாத்துப் போட்டுக்கொண்டிருந்தபோது உள்ளிருந்து இஸ்திரிப் பெட்டி மறுபடி துணியில் ஓடும் சத்தம் கேட்டது.

ஒரு வரிப் பதில்

நீதிமன்றத்தின் பதில் வசந்தத்தில் வந்தது. ஒரே ஒரு வரி. மேன்முறையீட்டுக்கு அனுமதி மறுக்கப்படுகிறது. கீழே கையொப்பம். வழக்கறிஞரின் அறையில் அக்காவும் நானும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தோம். அன்று மொழிபெயர்க்க வேறு ஆள் கிடைக்கவில்லை.

“ஏனாம்?” என்றார் அக்கா.

வழக்கறிஞரிடம் கேட்டேன். இப்படியான விண்ணப்பங்களில் நீதிமன்றம் காரணம் சொல்லத் தேவையில்லை என்றார். அதுதான் நடைமுறை.

“சொல்லத் தேவையில்லையாம் அக்கா.”

“நாங்கள் கேக்கேலாதோ?”

“ஏலாதாம்.”

அவர் சிரித்தார். அப்படிச் சிரித்ததை நான் அதற்கு முன்னும் பின்னும் கண்டதில்லை. “நான் ஒருக்காக் காரணம் சொல்லேல்லை எண்டு பொய்க்காரி ஆக்கினவை. அவை சொல்லாட்டி அது சட்டமோ?”

அக்கா என்ன சொல்கிறார் என்று வழக்கறிஞர் என்னைக் கேட்டார். சொல்லுக்குச் சொல் சொன்னேன். அவர் மேசையில் இருந்த வழக்குக் கோப்பை மூடினார்.

என்னையும் அதன்பிறகு மொழிபெயர்ப்புக்கு ஒருவரும் கூப்பிடவில்லை. கூப்பிட மாட்டோம் என்று ஒருவர் சொல்லியிருந்தாலாவது கோபிக்கலாம். ஒரு கடிதம்கூட வரவில்லை. தொலைபேசி அடிப்பது நின்றுபோனது. பட்டியலில் என் பெயர் இன்னும் இருக்கிறதா என்று ஒருமுறை எடுத்துக் கேட்டேன். பார்த்துச் சொல்கிறோம் என்றார்கள். பார்த்தார்களோ தெரியாது. மிசிசாகாவில் முழுநேர வேலைக்குக் கேட்டேன், மார்லின் எடுத்துத் தந்தார். ஏன் திடீரென்று என்று அவர் கேட்டார். ‘ஹவ் கம்’ என்றுதான் கேட்டார். பொய் சொன்னேன்.

தவமணி அக்காவை நாட்டைவிட்டு அனுப்பும் கட்டளை வந்தது. நிறைவேற்றப்படவில்லை. கைப்பையில் அதை மடித்து வைத்துக்கொண்டு, சொன்ன திகதிகளில் போய்க் கையெழுத்து வைத்துக்கொண்டு, ஒரு விடுதியின் சலவைப் பகுதியில் வேலை செய்தார். ஒருமுறை பஸ் தரிப்பில் அவரைக் கண்டேன். அவரும் கண்டார். பனி பெய்யும் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றார். பஸ் வந்தபோது நான் ஏறவில்லை.

மோர்னிங்சைட்

ஏழெட்டு வருடம் அப்படிப் போனது. எனக்குத் திருமணமாகி ஸ்காபரோவுக்கு வந்துவிட்டேன். ஒருநாள் தொலைபேசியில் ஒரு குரல்.

“நான் தவமணி. நம்பர் ஒரு கடையிலை விசாரிச்சு எடுத்தனான். ஒரு கடிதம் வந்திருக்கு. நீர் வந்து வாசிக்கேலுமோ?”

மனிதாபிமான அடிப்படையில் போட்ட விண்ணப்பம் கடைசியாகச் சரிவந்து அவருக்கு நிரந்தர வதிவிடம் கிடைத்திருந்தது. சுகியின் பள்ளிக்கூடத்தில் இரண்டு ஆசிரியைகள் கடிதம் கொடுத்திருந்தார்களாம். பத்திரம் கையில் வந்த கிழமையே கபிலனை எடுக்க விண்ணப்பம் போட்டிருக்கிறார். அதற்குத்தான் இப்போது பதில் வந்திருந்தது.

மோர்னிங்சைட்டில் ஒரு தொடர்மாடியில் இருந்தார்கள். ஞாயிறு காலை. சுகி வளர்ந்துவிட்டாள், கதவைத் திறந்து “ஹாய் அன்ரி, கம் இன்” என்று சொல்லிவிட்டுத் தன் அறைக்குப் போய்விட்டாள். ஆங்கிலம் அவளுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அவளை வாசிக்கச் சொல்லவில்லையா என்று கேட்டேன்.

“பிள்ளையை உந்தக் கடிதம் வாசிக்க விடமாட்டன்” என்றார் அக்கா. “வேறை ஆக்களும் இருக்கினம். ஆனா அவை ஓட்டமா வாசிச்சுப்போட்டுப் போயிடுவினம். ஒரு சொல்லு பிழைச்சால் என்ன நடக்கும் எண்டு உமக்குத் தெரியும்.”

அவர் அதைக் குத்திச் சொல்லவில்லை. அதனால்தான் எனக்கு வலித்தது.

கடிதத்தை இரண்டு தரம் வாசித்தேன். மூன்றாம் தரம் ஒவ்வொரு சொல்லாக, விரலை வைத்து. சந்தேகத்துக்கு இடமே இல்லை. பத்தொன்பது வயதுக்குக் குறைந்த பிள்ளையைத்தான் எடுக்கலாம். விண்ணப்பம் போய்ச் சேர்ந்த நாளில் கபிலனுக்குப் பத்தொன்பது கடந்து நாலு மாதம்.

இந்த முறை காரணம் எழுதியிருந்தார்கள். தெளிவான ஆங்கிலம். அக்காவுக்குச் சொன்னேன். அவர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“நாலு மாசம்.”

“ஓம் அக்கா.”

“முதல் வழக்கிலை விட்டிருந்தால் அவனுக்குப் பன்னிரண்டு.”

“ஓம் அக்கா.”

அதற்குமேல் அவர் அதைப் பற்றிப் பேசவில்லை. நான் பேசியிருக்க வேண்டும். மன்னிப்புக் கேட்கும் சொற்களைப் பஸ்ஸில் வரும்போதே அடுக்கி வைத்திருந்தேன். அவற்றைச் சொல்லாமல் கடிதத்தை மடித்து உறைக்குள் வைத்தேன். தேநீர் ஆறிப்போய் ஆடை படிந்திருந்தது.

அக்கா எழுந்துபோய்த் தொலைபேசி அட்டையைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார்.

“நீர் சொல்லும் அவனுக்கு. என்னாலை ஏலாது.”

கொழும்பில், வெள்ளவத்தையில் பெரியம்மாவோடு அவன் வாடகைக்கு இருந்த வீட்டு இலக்கம். கீறல் விழுந்த அட்டையைப் பார்த்து ஒவ்வொரு எண்ணாக அழுத்தினேன். வீட்டுக்காரர் எடுத்தார், பிறகு அவன் வந்தான். ஆண்பிள்ளைக் குரல். நான் என் மனதில் பன்னிரண்டு வயதுப் பிள்ளையைத்தான் வைத்திருந்தேன். பின்னால் பாத்திரங்கள் கழுவும் சத்தம் கேட்டது.

யார் என்று சொன்னேன். பிறகு சுற்றி வளைக்காமல் சொன்னேன்.

“தம்பி, கடிதம் வந்திருக்கு. உம்மை எடுக்கேலாதாம். வயசு கூடிட்டுது எண்டு போட்டிருக்கினம்.”

“தெரியும் அக்கா” என்றான்.

“என்ன தெரியும்?”

“போன வருசமே இஞ்சை ஒரு இடத்திலை விசாரிச்சனான். பத்தொன்பது தாண்டினால் சரிவராது எண்டவை. அம்மாவுக்குப் பேப்பர் வரமுதலே எனக்குத் தெரியும்.”

“அப்ப அவவுக்குச் சொல்லியிருக்கலாமே?”

பாத்திரச் சத்தம் நின்றது.

“அதை நினைச்சுத்தானே அக்கா அவ விடிய எழும்பி வேலைக்குப் போறவ” என்றான். “எனக்கு முதலே தெரியும் எண்டு சொல்லிப்போடாதேங்கோ. இப்பத்தான் கேள்விப்பட்டவன் எண்டு இருக்கட்டும்.”

தவமணி அக்கா என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். “என்னவாம்? என்ன சொல்லுறான்?”

அவன் குரலில் ஒரு நடுக்கமும் இருக்கவில்லை.

“அழுறார் அக்கா” என்றேன்.

அவர் தொலைபேசியை இரண்டு கையாலும் வாங்கிக் காதோடு சேர்த்து அழுத்தினார். “ராசா, அழாதையடா. அம்மா இருக்கிறன்தானே. அழாதை, அழாதை” என்று சொல்லிக்கொண்டேயிருந்தார்.

அதற்குப் பிறகுதான் அவன் அழுதான். எனக்கும் கேட்டது.